வந்துவிட்டதாம்

சலவைக்கூடத்துக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி இருந்தது. அதில் சிவப்பு நிறத் துணிக் கிளிப்புகள் சில எப்போதும் மாட்டியிருக்கும். அங்கே வேலை பார்க்கும் பெண்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு அது. மாதவிடாய் வந்தவள் காலையில் வந்ததும் ஒரு கிளிப்பை எடுத்துத் தன் ஏப்ரன் ஓரத்தில் மாட்டிக்கொள்வாள். வாயைத் திறந்து யாரிடமும் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கு அவளை யாரும் ஈரப்பக்கம் அனுப்பமாட்டார்கள். ஈரப்பக்கம் என்றால் இயந்திரத்துக்குள் கையை விட்டு, தண்ணீர் குடித்துக் கனத்துப்போன படுக்கை விரிப்புகளை இழுத்துத் தள்ளுவண்டியில் போடுகிற வேலை. முதுகு கழன்றுவிடும். கிளிப் மாட்டியவளுக்கு மடிப்பு மேசை. உட்கார்ந்துகொண்டு தலையணை உறைகளை மடிக்கலாம். எந்த ஓட்டல் உறை எது என்று பிரித்து வைக்கத்தான் இந்தக் கிளிப்புகள் என்று சூப்பர்வைசர் நினைத்துக்கொண்டிருந்தார். அவரைத் திருத்த யாரும் போகவில்லை.

ஒரு காலத்தில் அந்தக் கிளிப் அங்கே வேலை பார்த்த ஒருத்தியின் ஏப்ரனை விட்டு இறங்கியதே இல்லை. மாதத்தில் பாதி நாள் ரத்தம். பேசாமல் இதை உன் பேருக்கே எழுதி வைத்துவிடலாம் என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். அவளும் மேசைக்கடியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து வைப்பாள். கடைசியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் கர்ப்பப்பையில் கட்டிகள். கல்யாணமாகி ஏழு வருடமாகியும் வயிற்றில் ஒன்றும் தங்காததற்கு அதுதான் காரணமாக இருக்கும் என்று டாக்டரம்மா சொன்னார். கட்டிகளை மட்டும் எடுத்துவிடலாம், பை அப்படியே இருக்கும், ஒன்றிரண்டு மாதத்தில் ஒழுங்காக வர ஆரம்பித்துவிடும், வந்துவிட்டால் அப்புறம் குழந்தைக்கு வழி பார்க்கலாம் என்றார். அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் அவள் ஆபரேஷன் மேசையில் ஏறிப் படுத்தாள்.

ஆபரேஷன் முடிந்து இது ஐந்தாவது மாதம். இன்னும் வரவில்லை.

ஒரேயடியாக வராமல் இருந்தாலாவது விட்டுத் தொலைக்கலாம். வரப்போவதற்கான அடையாளங்கள் எல்லாம் மாதா மாதம் தவறாமல் வந்தன. மார்பு கனத்து வலித்தது. மோவாயில் ஒரு பரு எட்டிப் பார்த்தது. குழாயில் தண்ணீர் நின்றுபோனதற்கெல்லாம் அழுகை வந்தது. அடிவயிறு இழுத்துப் பிடித்தது. அவள் ஓடி ஓடிப் போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பார்ப்பாள். துணி வெள்ளைவெளேரென்று இருக்கும். இரண்டொரு நாளில் வலி, பரு, அழுகை எல்லாம் வந்த வழியே போய்விடும். கல்யாணத்துக்கு ஊரே வந்து, மாப்பிள்ளை மட்டும் வராத கதைதான். ஒருமுறை பாவாடையில் சிவப்பாக ஒரு திட்டைப் பார்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள். அப்புறம் முகர்ந்து பார்த்தால் சோப்பு வாசனை. ஏதோ ஓட்டலின் சிவப்பு மேசைவிரிப்பு சாயம் விட்டிருந்தது. நாளெல்லாம் கறைகளோடு புழங்குகிறவளுக்கே அப்படிக் கண் கட்டிப்போயிருந்தது. ரத்தத்துக்குப் போய் ஒருத்தி இப்படி ஏங்குவாளா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

அவள் கணவன் லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். வேலையில் கெட்டிக்காரன் என்று பெயர். அவன் குடியிருக்கும் கட்டிடத்து லிஃப்ட் மட்டும் இரண்டு வருடமாக ஓடவில்லை, நாலு மாடிக்கும் படிதான். வீட்டுக்காரர் உதிரிப்பாகம் வாங்கித் தரமாட்டேன் என்கிறார் என்பது அவன் கட்சி. அவனைப் பெற்றவள் அதை ஒத்துக்கொண்டதே இல்லை. சாப்பிடும்போது அவன் வேலைக் கதைகள் சொல்வான். லிஃப்டுக்குள் ஆள் மாட்டிக்கொண்டால் முதலில் செய்ய வேண்டியது என்ன தெரியுமா என்பான். கருவிப்பையைத் திறப்பது இல்லை. கதவில் வாயை வைத்து, இதோ அஞ்சு நிமிஷம், சரியாகிவிடும் என்று சொல்வது. மோட்டாரே எரிந்து கருகியிருந்தாலும் அதைத்தான் சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னால் உள்ளே இருப்பவருக்கு மூச்சு முட்டிவிடும். அஞ்சு நிமிஷம், அஞ்சு நிமிஷம் என்றே அரை நாளைக்கூடக் கடத்திவிடலாம், வெளியே வந்ததும் அவர்களே கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்வார்கள் என்பான். அவள் ரசித்துக் கேட்பாள்.

ஆபரேஷனுக்குப் பிறகு அவன் தங்கக்கம்பியாகிவிட்டான். பாத்திரம் தேய்த்தான். துணி காயப்போட்டான். ஆஸ்பத்திரிக் காகிதங்களையெல்லாம் அவனே எடுத்துப் பத்திரப்படுத்தினான். குரலை உயர்த்திப் பேசுவதையே விட்டுவிட்டான். தையல் பிரித்த அன்று வேறொரு டாக்டர்தான் இருந்தார். தழும்பைப் பார்த்தார், நன்றாக ஆறியிருக்கிறது என்றார், அடுத்த ஆளைக் கூப்பிட்டார். டாக்டரம்மாவையே போய்ப் பார்க்கலாம் என்று அவள் பேச்செடுத்தால், நீ எதற்கு இந்த உடம்போடு பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு வருகிறாய், நான் கேட்டுவிட்டு வருகிறேன் என்று அவன் கிளம்பிவிடுவான். வரும்போது ஒரு அட்டை மாத்திரை கொண்டுவருவான். உள்தையல் ஆற நாளாகுமாம், அடுத்த மாதம் வந்துவிடுமாம் என்பான். அது இரும்புச்சத்து மாத்திரை என்பது அட்டையிலேயே போட்டிருந்தது. ரத்தம் ஊறினால்தானே ரத்தம் வரும் என்று அவளே ஒரு நியாயம் கண்டுபிடித்துக்கொண்டாள். அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. பாத்திரம் தேய்க்கிற கணவனை எந்தப் பெண் சந்தேகப்படுவாள்.

மாமியாரைக் கெட்டவர் என்று சொல்லிவிட்டால் சுலபமாகப் போய்விடும். அப்படிச் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் மருமகளைப் பிடித்து உட்காரவைத்துத் தலை குளிப்பாட்டிவிட்டது அவர்தான். ஆனால் அவருக்கு இருப்பது ஒரே மகன், பேரப்பிள்ளை ஆசை கண்ணை மறைத்தது. அடிக்கொருதரம் பக்கத்தில் வந்து, "ஏம்மா, வந்துச்சா?" என்று தாழ்ந்த குரலில் கேட்பார். இல்லை என்றால் பெருமூச்சு விடுவார். அந்தப் பெருமூச்சுக்கு நாலு வசவே தேவலை. போன வாரம் யாரோ ஒருவர் மகன் இரண்டாம் கல்யாணம் செய்து இரட்டைப் பிள்ளை பெற்ற கதையைத் தொலைபேசியில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். மருமகள் காதில் விழட்டும் என்று பேசினாரா, தானாக விழுந்ததா என்பது அவருக்கே வெளிச்சம். அவள் அன்று சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

இந்த நிலையில்தான் அந்தக் கிளிப் விவகாரம் நடந்தது.

அன்றைக்கு ஈரப்பக்கம் அவள் முறை. தழும்புக்குக் கீழே காலையிலிருந்தே சுருக் சுருக்கென்று வலி. பெரிய ஓட்டலின் விரிப்புகள் மலையாகக் குவிந்து கிடந்தன. ஒரு விரிப்பைப் பாதி இழுத்தபோது கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. கை கழுவப் போகிறவள் போலக் கதவுப் பக்கம் போனாள். ஆணியிலிருந்து ஒரு கிளிப்பை எடுத்து மாட்டிக்கொண்டு மடிப்பு மேசையில் போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் உட்கார இடம் கிடைக்கும் என்று மட்டும்தான் நினைத்தாள் என்றால் அது பாதி உண்மை. எனக்கும் வருகிறது பாருங்கள் என்று காட்டிக்கொள்ளும் ஆசையும் கூடவே இருந்தது. அந்தக் கிளிப்பை இதுவரை யாரும் பொய்யாக மாட்டியதில்லை. வேலைக்குச் சோம்பல்படுகிறவள்கூட அதில் கை வைக்கமாட்டாள். அந்த நம்பிக்கையில்தான் அந்த ஏற்பாடே நின்றுகொண்டிருந்தது. அதனால் அவளையும் ஒருத்தியும் சந்தேகப்படவில்லை.

முதலில் பார்த்தது ரேடியோக்கா. இஸ்திரி உருளையில் வேலை பார்ப்பவள். அந்தப் பெயர் அவளுக்குச் சும்மா வரவில்லை. ஒரு செய்தி காதில் விழுந்தால் அதை அடுத்த தெருவில் கொண்டுபோய்ச் சேர்க்கும்வரை அவளுக்குச் சோறு இறங்காது. உருளையை நிறுத்திவிட்டு ஓடிவந்தாள். கிளிப்பைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், அதிசயமாக ஒன்றுமே சொல்லாமல் அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள். ஒருத்தி கன்னத்தைக் கிள்ளினாள். ஒருத்தி டீ கொண்டுவந்து வைத்தாள். கிழிந்துபோகிற ஓட்டல் விரிப்புகளில் நல்ல மெத்தென்ற பருத்தியாகப் பார்த்துக் குழந்தைத் துணிக்கு இன்றைக்கே ஒதுக்க ஆரம்பிக்கிறேன் என்றாள் இன்னொருத்தி. இத்தனை பேர் தன்னோடு சேர்ந்து காத்திருந்தார்கள் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. சும்மாதான் மாட்டினேன் என்று சொல்ல வாய் வரவில்லை. டீயை ஆறவிட்டு, யாரும் பார்க்காதபோது கொட்டினாள்.

ரேடியோக்கா வீடு அவள் வீட்டுக்குப் பக்கத்துத் தெரு. சாயங்காலம் இவள் நாலு மாடி ஏறி மூச்சு வாங்குவதற்கு முன்னாலேயே செய்தி மேலே போய்ச் சேர்ந்திருந்தது. மாமியார் வாசலிலேயே நின்றிருந்தார். முகமெல்லாம் பல். பையை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அவளுடைய இரண்டு கன்னங்களையும் கையில் ஏந்திக்கொண்டார்.

"என்கிட்ட முதல்ல சொல்லணும்னு உனக்குத் தோணலை பாரு," என்றார். கோபமில்லை, செல்லம்தான். "போகட்டும். வந்துச்சே, அது போதும்."

இங்கேயாவது அவள் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் மாமியார் முந்திக்கொண்டு, போன வாரம் தொலைபேசியில் ஏதேதோ பேசிவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதே என்று கண் கலங்கிவிட்டார். தன்னிடம் மன்னிப்புக் கேட்கிற மாமியாரிடம் என்னவென்று சொல்வது. "ஆமா அத்தை" என்று மென்று முழுங்கினாள். அடுத்த மாதம் நிஜமாகவே வந்துவிட்டால் இந்தப் பொய்யும் மெய்யாகிவிடும், யாருக்கும் ஒரு நஷ்டமுமில்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

கணவன் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் மாமியார் விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டார். அவள் சமையலறை நிலையில் சாய்ந்துகொண்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொய்தான் என்றாலும், அவன் சந்தோஷப்படுவதை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று இருந்தது அவளுக்கு. அவன் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு காலில் செருப்போடு அப்படியே நின்றான்.

"எப்ப இருந்து?" என்றான்.

"காலையில இருந்துதான்."

"நிறையப் போகுதா? கட்டி கட்டியா வருதா? தலை சுத்துதா?"

மாமியார் சிரித்துவிட்டார். புதுசாக வயசுக்கு வந்த பிள்ளையிடம்கூட யாரும் இத்தனை கேள்வி கேட்கமாட்டார்கள் என்றார். அவன் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கழற்றிய செருப்பை மறுபடி மாட்டினான். கிளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றான். மாசா மாசம் வருவதற்கு எந்த ஊரில் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள் என்று அம்மா கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்க ஆரம்பித்துவிட்டான். அவன் கை ஜில்லென்று இருந்தது.

முதல் திருப்பத்திலேயே அவள் கையை உதறிக்கொண்டாள். டாக்டரம்மா பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அந்த அவமானத்தை இந்தப் படிக்கட்டிலேயே பட்டுத் தொலைக்கலாம் என்று முடிவெடுத்தாள். ஓடாத லிஃப்டின் கதவில் சாய்ந்து நின்றுகொண்டு, ஈரப்பக்கத்து வலி, கிளிப், ரேடியோக்கா, அத்தை என்று ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"வரலைங்க. பொய் சொல்லிட்டேன். ஒரு சொட்டுக்கூட வரலை."

திட்டப்போகிறான் என்று கண்ணை மூடிக்கொண்டாள். திட்டு வரவில்லை. கண்ணைத் திறந்தால் அவன் படியில் தொப்பென்று உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அப்பாடா," என்றான். "நல்ல வேளை."

சொன்ன பிறகுதான் சொன்னது அவனுக்கே உறைத்திருக்க வேண்டும். தலையை நிமிர்த்தவில்லை. அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். அடுத்த மாதம் வந்துவிடும், அடுத்த மாதம் வந்துவிடும் என்று மாதம் தவறாமல் சொன்னவன் இவன். வந்துவிட்டது என்று கேட்டதும் இவனுக்குப் பாதி உயிர் போனது. வரவில்லை என்றதும் போன உயிர் திரும்பியிருக்கிறது. அவள் அதிகம் படிக்காதவளாக இருக்கலாம், முட்டாள் இல்லை.

"ஏன் நல்ல வேளை?" என்றாள்.

அவன் செருப்பு வாரை இழுத்து இழுத்துச் சரிசெய்தான்.

"இனிமே வரவே வராதா?"

அவன் தலை மெதுவாக ஆடியது.

அப்புறம் எல்லாம் தரையைப் பார்த்தபடியே வந்தது. கட்டிகளை எடுக்கும்போது ரத்தம் நிற்கவில்லையாம். ஏற்ற ஏற்றக் கொட்டியதாம். டாக்டரம்மா கையுறையைக்கூடக் கழற்றாமல் வெளியே வந்து, பையையே எடுத்தால்தான் ஆள் பிழைப்பாள் என்றாராம். சினைப்பைகளை மட்டும் விட்டுவைத்தார்களாம், மாதா மாதம் அந்த வலியும் பருவும் அதனால்தானாம். கூட வேறு யாரும் இல்லை, அவன் தலையாட்டினானாம். மயக்கம் தெளிந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, பை இருக்கா என்பது. இருக்கு என்று சொல்லிவிட்டானாம். கொஞ்சம் தேறட்டும், நானே பக்குவமாகச் சொல்கிறேன் என்று டாக்டரம்மாவிடம் பொறுப்பை வாங்கிக்கொண்டானாம். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போய்விட்டதாம். இன்றைக்கு ரத்தம் என்றதும், உள்ளே ஏதோ அறுந்துவிட்டது, இவள் செத்துப்போகப்போகிறாள் என்றே நினைத்துவிட்டானாம். அந்த மாத்திரைகளைக்கூட மருந்துக்கடையில்தான் வாங்கினான். ஆஸ்பத்திரிப் பக்கம் போகவே இல்லை.

"நான் என்ன லிஃப்டுல மாட்டிக்கிட்டவளா, அஞ்சு நிமிஷம் அஞ்சு நிமிஷம்னு சொல்லிக்கிட்டே இருக்கிறதுக்கு?" என்றாள். "அவங்களையாவது கடைசியில வெளிய எடுக்கிறீங்க."

அவள் குரல் உயரவில்லை. உள்ளே மட்டும் பற்றி எரிந்தது. உயிரைக் காப்பாற்றியவனை எப்படி வெறுப்பது என்று தெரியவில்லை, வெறுக்காமல் இருக்கவும் முடியவில்லை. பை போனதுகூட அந்த நிமிடம் அவளுக்கு முழுதாக ஏறவில்லை. வேறு ஒன்று ஏறியது. குளியலறைக்குள் அவள் துணியை விரித்து வைத்துக்கொண்டு தேடியபோதெல்லாம் இவன் கதவுக்கு வெளியே நின்றிருக்கிறான். என்னம்மா, வந்துச்சா என்று கேட்டிருக்கிறான். ஒவ்வொரு மாதமும் கேட்டிருக்கிறான். வராது என்று தெரிந்துகொண்டே கேட்டிருக்கிறான்.

அவன் எழுந்து அவள் பக்கத்தில் வந்தான். தயங்கித் தயங்கி, அம்மாவுக்கு இது தெரிய வேண்டாம் என்றான். தெரிந்தால் அவர் வாய் சும்மா இருக்காது, வேறு பெண் பார்க்கக் கிளம்பிவிடுவார். எனக்கு அதெல்லாம் வேண்டாம், நீ போதும். வந்துவிட்டது என்றே அவர் நினைத்துக்கொண்டிருக்கட்டும். மாதா மாதம் நீ ஒரு பேச்சுக்கு வந்துவிட்டது என்று சொல்லிவிட்டால் போதும் என்றான். அவன் அதை அன்பாகத்தான் சொன்னான். அதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

"எடுத்ததை நீங்க பார்த்தீங்களா?" என்று கேட்டாள்.

பார்த்தானாம். நர்ஸ் ஒரு தட்டில் வைத்து, மேலே மூடியிருந்த துணியை விலக்கிக் காட்டினாளாம். எடுத்ததைக் கூட வந்தவர்களுக்குக் காட்டிவிடுவது அங்கே வழக்கமாம்.

"எவ்வளவு பெருசு இருந்துச்சு?"

"அதெல்லாம் இப்ப எதுக்கும்மா."

"என்னோடது. நான் பார்க்கலை, நீங்க பார்த்திருக்கீங்க. காட்டுங்க."

அவன் மறுத்துப் பார்த்தான். அவள் நகரவில்லை. கடைசியில் கைகளைத் தூக்கினான். கொஞ்சம் விரித்தான், கொஞ்சம் குறுக்கினான், மறுபடி துளி விரித்தான். வேலைக்காரன் கை, அளவு தப்பாது. உள்ளங்கைகள் இரண்டும் மேல்நோக்கி வளைந்து, பிறந்த பிள்ளையின் தலையைத் தாங்கிக்கொண்டிருப்பது போல நின்றன. அவள் அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேலே செருப்புச் சத்தம் கேட்டது. அவசரத்தில் அவர்கள் விட்டுவிட்டு வந்த பர்ஸை எடுத்துக்கொண்டு மாமியார் இறங்கி வந்துகொண்டிருந்தார். பாதிப் படியில் நின்று மகனை விநோதமாகப் பார்த்தார். முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் போகவில்லை.

"என்னடா அது, நடுப்படியில நின்னு கையை விரிச்சு அளவு காட்டிக்கிட்டு இருக்க?"

அவன் மனைவியைப் பார்த்தான். சொல்லிவிடாதே என்று கண்ணாலேயே கெஞ்சினான்.

"என் கர்ப்பப்பை, அத்தை," என்றாள் அவள். "இவ்வளவு பெருசு இருந்துச்சாம்."

மாமியார் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு மெதுவாகப் படியில் உட்கார்ந்தார். அவனுக்குக் கைகளைக் கீழே போடத் தெரியவில்லை.